முப்பத்தோராவது வரி

டீ நன்றாக இருக்கிறது ராமச்சந்திரன் சார். கோல் மார்க்கெட் கடையிலிருந்து வரவழைத்தீர்களா? எங்கள் ஆபீஸ் டீயைக் குடித்திருந்தால் விசாரணையை அதிலிருந்துதான் ஆரம்பித்திருப்பீர்கள்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? நான் செய்தது மூன்று வாரமாக எல்லோர் கண்ணெதிரிலும் அச்சடித்தே கிடந்தது.

என் வேலை கம்ப்யூட்டரில் ஒரு கோப்பைப் பார்த்துக்கொள்வது. மலையில், ஆற்றின் மேல்பகுதியில் ஒரு கருவி இருக்கிறது. அது அனுப்பும் நீர்மட்டம் மணிக்கு மணி அந்தக் கோப்பின் வாலில் சேரும். சாதாரணமாகத் திறந்தால் வெறும் கிறுக்கல்தான் தெரியும். கறுப்புத் திரையில் ‘என்சிடம்ப்’ என்று தட்டினால்தான் உள்ளே இருப்பது எழுத்தாக வரும். முழுவதும் கொட்டினால் லட்சம் எண்கள் ஓடும். கூடவே ஒரு ‘ஹெச்’ சேர்த்தால் தலைப்பகுதி மட்டும்: எந்த ஆறு, என்ன அலகு, ஒவ்வொரு எண்ணோடும் எவ்வளவு கூட்டிப் படிக்க வேண்டும், தயாரித்தது யார். முப்பத்தெட்டே வரி.

தயாரித்தது யார் என்ற இடத்தில் ரூபி மதலைமுத்து என்று இருந்தது. இரண்டு வருடம் உட்கார்ந்து நான் உருவாக்கிய கோப்பு. அப்பா ராணுவ கேன்டீனில் மூட்டை தூக்கியவர். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான். அந்தத் தலைப்பகுதியின் அச்சுத்தாளை அவர் மோதி பாக் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. மகள் பேர் எந்த வரி என்று மட்டும் தெரியும்.

ஜூனில் அந்த வரியில் எங்கள் தலைவர் அனந்தகிருஷ்ணன் சார் பேர் வந்தது. நேராகப் போய்க் கேட்டேன்.

"ஹெட்டர்ல யார் பேர் இருந்தா என்னம்மா? சயின்ஸ் ஒண்ணுதானே."

"அப்ப என் பேரே இருக்கட்டுமே சார்."

"அச்சா, அச்சா. ஜல்தி போய் இந்த வாரப் பிரிண்ட்டைக் கொண்டு வா. கையெழுத்துப் போடணும்."

செவ்வாய்தோறும் தலைப்பகுதியை அச்சடித்து அவர் முன்னால் வைக்க வேண்டும். போனில் பேசிக்கொண்டே ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போடுவார். ஒருநாள்கூடப் படித்ததில்லை.

அதனால் முப்பத்தோராவது வரியை மாற்றினேன். கூட்டிப் படிக்க வேண்டிய எண்ணில் இரண்டு மீட்டரைக் குறைத்தேன். லட்சம் எண்களில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. வரைபடத்தின் வடிவமும் அப்படியேதான் இருந்தது, கொஞ்சம் கீழே உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். மூன்று செவ்வாய், மூன்று கையெழுத்து. ஆகஸ்ட் கூட்டத்தில் வெளியூர் விஞ்ஞானிகள் முன்னால் மூன்று தாள்களையும் விரித்து, "சார், முப்பத்தோராவது வரியைக் கொஞ்சம் வாசிங்க" என்று சொல்ல வேண்டும். இதுதான் என் திட்டம்.

அந்த மூன்று வாரம் மாதிரி நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. காலையில் வந்ததும் கட்டளையைத் தட்டிப் பார்ப்பேன். வரி அப்படியே இருக்கும். சிரிப்பு வந்துவிடும். "என்ன ரூபி, கல்யாணம் கில்யாணம் செட் ஆயிடுச்சா?" என்பார் பக்கத்து சீட் பட்டாபி.

பிறகு அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வடிவேல் அண்ணன் போன் செய்தார். ஆற்றின் கீழ்ப்பகுதியில் எங்கள் காவலாள். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் பேச அந்த மலையில் ஆளில்லாததால் தினமும் என்னிடம் வம்பளப்பார்.

"தங்கச்சி, தண்ணி கலங்கலா வருதும்மா. கீழ டென்ட்ல ரோடு போடுற சனம் கெடக்கு. கெளப்பிவிடவா? ஒன் கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

தட்டிப் பார்த்தேன். "அபாயக் கோட்டுக்கு ஒன்றரை மீட்டர் கீழன்னு காட்டுதுண்ணே."

"நீ சொன்னா சரி. மழையில எங்க போவாங்க, பாவம். நானும் அவுங்களோட ரொட்டி தின்னுட்டு அங்கயே இருக்கேன்."

நான் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். கம்ப்யூட்டர் காட்டியதைத்தான் சொன்னேன்.

அன்று ராத்திரி வடிவேல் அண்ணனோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. நல்ல மனுஷர்.

மனதில் இரண்டைக் கூட்டிப் பார்க்கத் தெரியாதா என்கிறீர்கள். தெரியும் சார், கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியவள். கூட்டியும் பார்த்தேன். கோட்டுக்கு அரை மீட்டர் மேலே வந்தது. ஆனால் கூட்டத்துக்கு ஒன்பதே நாள் இருந்தது. அப்போது வாயைத் திறந்திருந்தால் மூன்று கையெழுத்தும் வீண்.

உங்கள் அறிக்கையை மேஜையில் தலைகீழாகவே படித்துவிட்டேன், மன்னிக்கவும். பொறுப்பு என்ற இடத்தில் அனந்தகிருஷ்ணன் பேரை முதலிலும் என் பேரை அதற்குக் கீழேயும் போட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் மாற்றுங்கள். அவருக்கு அந்தக் கட்டளையைத் தட்டக்கூடத் தெரியாது. அது முழுக்க முழுக்க என் வேலை.

மாற்றியதும் ஒரு பிரதி வேண்டும் சார். எந்த வரி என்று அப்பாவுக்குக் காட்ட வேண்டும்.