விடுபட்டவர்களைத் தேடிப் போன புள்ளியியலாளர் கோலப்பனார்க்கு

பிச்சிப்பூ மணக்கும் தோவாளையில் பிறந்து, புதுக்கடைப் பக்கத்துக் கடற்கரை மக்களின் நலத்துக்காக முப்பத்து மூன்று ஆண்டுகள் முகஞ்சுளிக்காமல் உழைத்து, இன்று பணிநிறைவு காணும் எங்கள் வட்டார சுகாதாரப் புள்ளியியலாளரே, கணக்கில் கறாரும் கனிவில் தாராளமும் கொண்ட பெருந்தகையே, கோலப்பன் அவர்களே!

அறிக்கைகள் வருவதும் அலமாரிக்குள் அடங்குவதும் அலுவலகத்தின் இயல்பு. தேசியக் குடும்ப நல ஆய்வின் மாவட்ட அறிக்கையும் அப்படித்தான் அடங்கும் என்று நாங்கள் நினைத்தோம். நீங்களோ மதிய உணவை மறந்து அதை வரிவரியாக வாசித்தீர்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் என்று ஆய்வு சொன்ன விகிதத்தை நம் வட்டார மக்கள்தொகையோடு பெருக்கிப் பார்த்தீர்கள். நம் பதிவேட்டில் இருந்ததோ அதில் மூன்றில் ஒரு பங்கு. "மிச்சப் பேரு எங்க இருக்காவ?" என்று கேட்டீர்கள். ஆய்வுதான் தப்பாக இருக்கும் என்று சிலர் சொன்னோம். அந்தச் சிலரும் இந்த மடலின் கீழ் கையெழுத்திட்டிருக்கிறோம்.

செவிலியர் ஜெமியை அழைத்துக்கொண்டு கடற்கரைத் தெருக்களில் நடந்தீர்கள். பகலில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மூன்றாம் நாள் பிற்பகலில், மீன் விற்றுத் திரும்பிய செசிலி அம்மாவைக் கண்டீர்கள். அவருடைய தங்கை முந்தின மாதம்தான் சந்தையிலேயே சாய்ந்து, ஒரு கையும் காலும் வழங்காமல் படுக்கையில் கிடந்தார். அவருக்குக் கொதிப்பு இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. ஒருநாளும் பரிசோதனைக்கு வராதது ஏன் என்று நீங்கள் மெல்லக் கேட்டபோது, செசிலி அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "காலத்தயே நாங்க மீனெடுத்துப் போவோம் சாரே. திரும்பி வரும்போ நீங்க பூட்டியிருப்பிய. ஒங்க நேரத்துக்கு எங்களுக்கு வர ஒக்காது."

வாரம் இருமுறை, மாலை நான்கு மணிக்கு, மீன் சந்தையிலேயே பரிசோதனை நடத்த வேண்டும் என்று அன்றே எழுதினீர்கள். ஆள் பற்றாது என்று மூன்று முறை கோப்பு திரும்பி வந்தது. நான்காம் முறை ஆய்வுப் பக்கத்தையும் நம் பதிவேட்டையும் பூட்டிய வீடுகளின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்கு நேரிலேயே போய், ஆறு மாத அனுமதியோடு திரும்பினீர்கள்.

முதல் நாள் பெண்கள் கூச்சத்தோடு தள்ளி நின்றார்கள். "மொதல்ல சாருக்குப் பாருங்க, பின்ன எங்களுக்கு" என்றார் செசிலி அம்மா. சிரித்துக்கொண்டே கையை நீட்டினீர்கள். கருவி காட்டிய அளவைக் கண்டு ஜெமி திகைத்துப் போனார். தேடி அலைந்த மிச்சப் பேரில் நீங்களும் ஒருவர்! சந்தையே சிரித்தது. நீங்களும் சிரித்தபடி பதிவேட்டின் முதல் வரியில் உங்கள் பெயரை எழுதினீர்கள். அதற்கப்புறம் அன்று நாற்பத்தேழு பெண்கள் கை நீட்டினார்கள்.

ஆறு மாதத்தில் நம் பதிவேட்டின் எண்ணிக்கை இரு மடங்கானது. நோய் இப்படிப் பெருகியது சுகாதார நிலையத்துக்கு இழுக்கு என்று ஆய்வுக் கூட்டத்தில் ஓர் அதிகாரி கடிந்துகொண்டார். நாங்கள் தலைகுனிந்திருக்க, நீங்கள் எழுந்து, "நோய் கூடல்ல சார். நாம பாத்த ஆளுதான் கூடியிருக்கு" என்றீர்கள். அதிகாரி உங்கள் தாள்களைக் கேட்டு வாங்கி, நெடுநேரம் படித்தார். அடுத்த மாதமே, கடற்கரையின் மற்ற நிலையங்களுக்கும் மாலை நேரப் பரிசோதனைக்கு ஆணை வந்தது. சென்ற ஆண்டு முழுவதும் அந்தத் தெருக்களிலிருந்து பக்கவாதமென்று ஒருவரும் வரவில்லை.

ஏட்டில் உறங்கிய எண்ணை எழுப்பி எளியவர் வாசலுக்கு இட்டுச் சென்ற ஏந்தலே! உப்பைக் குறைத்து, உவகையைக் கூட்டி, துணைவியார் நாகம்மை அவர்களோடு நீங்கள் நெடுங்காலம் நலமாக இருக்க வேண்டும். முப்பத்து மூன்று ஆண்டுகள் சராசரி கண்டு சொன்ன நீங்கள், ஆயுளில் மட்டும் எந்தச் சராசரிக்கும் அடங்காமல், இந்த மாவட்டத்தின் சராசரியையே உயர்த்திக்காட்ட வேண்டுமென்று வாழ்த்துகிறோம்.

என்றும் அன்புடன்,
நிலையத்தின் மருத்துவர்கள், செவிலியர்கள், பணியாளர்கள்