ஏழாம் எண் பிஸ்டலும் நான் கொடுக்காத சீட்டும்

எனது பெயர் மைதிலி. வயது பதினேழு. தந்தை பெயர் உத்தமன், ஆவடியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறார். தாயார் பெயர் பத்மா. ஆவடி சேக்காட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள தெருவில் வாடகை வீட்டு மாடியில் குடியிருக்கிறோம். நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தேன். அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்த வருடம் பள்ளிக்கூடத்தை விட்டேன், பிறகு என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருந்ததால் திரும்பப் போகவில்லை. இன்று 16.08.2025 சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு உதவி ஆய்வாளர் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, என் தாயாரை அருகில் வைத்து என்னை விசாரித்தார். எனக்குச் சொல்ல வாய் வராததால், நீயே எழுதிக் கொடு, அவசரமில்லை என்று சொல்லித் தாளும் பேனாவும் கொடுத்தார். அதனால் என் கையாலேயே எழுதுகிறேன்.

நான் இரண்டு வருடமாகச் சேக்காட்டில் உள்ள இலக்கு துப்பாக்கிப் பயிற்சி மன்றத்தில் வேலை செய்கிறேன். தரையைக் கூட்டித் துடைப்பதும், சுட்ட அட்டைகளை எடுத்துவிட்டுப் புது அட்டை மாட்டுவதும் என் வேலை. அங்கே சுடுவது காற்றழுத்தத்தில் வேலை செய்யும் ஏர் பிஸ்டல், அதில் ஈயப் பெல்லட்தான் போடுவார்கள், வெடிமருந்து கிடையாது. மன்றத்துக்குச் சொந்தமாக எட்டு பிஸ்டல் உண்டு. அவை இருக்கும் அலமாரியின் சாவி சரசா அக்காவிடம் இருக்கும். அவர் பன்னிரண்டு வருடமாக அங்கே வேலை செய்கிறார். மன்றத்தின் செயலாளர் நாகப்பன் சார். நான் ஒரு நாள் அட்டை மாட்டிவிட்டு வேடிக்கை பார்த்தபோது, சுட்டுப் பார்க்கிறாயா என்று கேட்டு முதன்முதலில் என் கையில் பிஸ்டலைக் கொடுத்தவர் நாகப்பன் சார்தான். வேலை முடிந்தபின் தினமும் ஒரு மணி நேரம் சுட அனுமதித்தவரும் அவரே. இதை நான் மறக்கவில்லை.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பிஸ்டல் கட்டடத்தை விட்டு வெளியே போனாலும், அதன் எண்ணையும் யாருக்காகப் போகிறது என்பதையும் சீட்டில் எழுதிச் செயலாளர் மேசையில் வைக்க வேண்டும். அவர் பார்த்து நோட்டில் ஏற்றுவார். சீட்டு இல்லாமல் வெளியே போனால், அதை வைத்துச் சுட்டவருக்கு ஒரு வருடம் மன்றத்துப் பிஸ்டல் கிடையாது. எல்லாருக்கும் தெரியும்படி இது சுவரில் எழுதியிருக்கிறது. அந்தச் சுவரைத் துடைப்பவளும் நான்தான்.

10.08.2025 ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் ஒரு கல்லூரி அரங்கில் பெண்களுக்கான போட்டி நடக்க இருந்தது. அதில் எட்டு பேருக்குள் வந்தால் அக்டோபர் மாதம் அடுத்த போட்டிக்குப் போகலாம். எனக்கு மூன்றாம் எண் பிஸ்டலை நாகப்பன் சார் முன்பே நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். புதன்கிழமை சரசா அக்கா அந்தப் பிஸ்டலைத் துடைத்துக்கொண்டே, இதன் காற்றுக் குழாய் வாஷர் பழசு, ஏழாம் எண்ணையும் மாற்றாகக் கொண்டு போக வேண்டும் என்றார். நான் ஒன்று போதும் என்றேன். அதற்கு அவர், "கல்யாணத்துக்குப் போனாக்கூட மாத்துப் பொடவ எடுத்துனு போறோம். அங்க மக்கர் பண்ணா இன்னா பண்ணுவ, நின்னுகினு வேடிக்க பாப்பியா?" என்றார்.

அப்போது உறுப்பினர் கௌதம் சார் பக்கத்தில் இருந்தார். அவர் முகப்பேரிலிருந்து வருபவர், எந்தப் போட்டிக்கும் இரண்டு பிஸ்டல் கொண்டு போவார். அவர் என்னைப் பார்த்து, "பெருக்குற பொண்ணுக்கு ஸ்பேர் பிஸ்டலா? அப்ப தொடப்பமும் ரெண்டு வெச்சிருக்கியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கௌதம் சார் கெட்டவர் இல்லை, நான் போட்டிக்குப் போட்டுக்கொண்ட கண்ணாடி அவர் கொடுத்ததுதான். ஆனாலும் அதன் பிறகு எனக்கு ஏழாம் எண்ணைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் நான் வேண்டாம் என்றதைச் சரசா அக்கா கேட்கவில்லை, கதவைச் சாத்திவிட்டு அதில் முப்பது பெல்லட் என்னைச் சுட வைத்தார். என் கண்ணுக்குச் சரியாகும்படி குறியைத் திருகி, எத்தனை திருகு என்று வெள்ளை டேப்பில் எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை 08.08.2025 சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் சரசா அக்கா சீட்டை எழுதி, செயலாளர் மேசையில் வைத்துவிட்டு வா என்று என்னிடம் கொடுத்தார். அதில் ஏழாம் எண், மைதிலிக்கு மாற்று என்று எழுதியிருந்தது. நான் அறை வாசல் வரை போனேன். உள்ளே நாகப்பன் சாரும் கௌதம் சாரும் இன்னும் மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். சீட்டை வைத்தால் எடுத்துப் படிப்பார்கள், இரண்டு தொடப்பம் பேச்சு மறுபடியும் வரும் என்று நினைத்தேன். உள்ளே போக நான்கு அடிதான் இருக்கும். நான் போகவில்லை. சீட்டை மடித்து மூன்றாம் எண் பெட்டியில் பஞ்சுக்கு அடியில் வைத்தேன். அதன் பிறகு சரசா அக்கா, "வெச்சிட்டியா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

ஏழாம் எண் பெட்டியின் கொக்கி உடைந்திருந்தது. அதனால் சரசா அக்கா அதைக் கயிறு போட்டுக் கட்டி, ஒரு துணிக்கடைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். மன்றத்துக் கேமராவில் அவர் பையோடு வெளியே போவது தெரிகிறது என்று, நாகப்பன் சார் அவர் மேல் கொடுத்த மனுவில் சொல்லியிருப்பது அந்தப் பைதான். மறைப்பதற்காக அல்ல, பெட்டி திறந்துகொள்ளும் என்பதற்காக.

சனிக்கிழமை காலை நாங்கள் இருவரும் ஆவடியில் ரயில் ஏறி அம்பத்தூர் போனோம். போட்டிக்கு முந்தைய நாள் எல்லாப் பிஸ்டலையும் பரிசோதிப்பார்கள். விசையில் எடை தொங்கவிட்டுப் பார்த்து, அளவுப் பெட்டிக்குள் அடங்குகிறதா என்று பார்த்து, சரியாக இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஸ்டிக்கர் இல்லாத பிஸ்டலைப் போட்டியில் தொட முடியாது. இரண்டையும் என் பெயரில் பரிசோதித்து ஒரே தாளில் இரண்டு எண்ணும் எழுதினார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். அதே நாளில்தான் நாகப்பன் சார் விருந்தினர் சிலருக்குக் காட்டுவதற்காக மாற்றுச் சாவியால் அலமாரியைத் திறந்து, ஏழாம் எண் இல்லாததைப் பார்த்திருக்கிறார். அரங்கத்தில் போனை அணைத்து வைக்கச் சொன்னதால் அவர் கூப்பிட்டது சரசா அக்காவுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போட்டி தொடங்கியது. அறுபது முறை சுட வேண்டும். நாற்பது வரை எனக்கு 371 புள்ளி வந்தது. நாற்பத்தொன்றாவது சுடும்போது கைக்குள் புஸ் என்று காற்று போனது, பெல்லட் கீழே இறங்கி ஐந்து புள்ளிதான் வந்தது. அதன் பிறகு விசையை அழுத்தினால் பெல்லட் போகவில்லை. கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட வேண்டும். இருபத்து நான்கு பேர் வரிசையாக நிற்கும் இடத்தில் எனக்குக் கை எழவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பார்வையாளர்கள் பேசக் கூடாது. சரசா அக்கா எழுந்து நின்று, தேர் பார்க்கப் பிள்ளையைத் தூக்குவது போல அந்தத் துணிக்கடைப் பையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை. அதன் பிறகு நான் கையைத் தூக்கினேன்.

நடுவர் வந்து என்னவென்று கேட்டார். நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லச் சொன்னார், மறுபடியும் கேட்கவில்லை. நான் பையைக் கை காட்டினேன். அவர் கோபிக்காமல் தானே போய்ப் பெட்டியை வாங்கி, கயிற்றை அவிழ்த்து, ஸ்டிக்கரைப் பார்த்து என் மேசையில் வைத்தார். நின்றுபோன நேரத்தையும் கூட்டித் தந்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது, அவருக்கு நன்றி சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். மூடியில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்துக் குறியைச் சரிபார்த்து, மீதிப் பத்தொன்பதையும் ஏழாம் எண்ணில் சுட்டேன். அதில் 175 வந்தது. மொத்தம் 551, ஏழாவது இடம். வெளியே வந்ததும் சரசா அக்கா எலுமிச்சை சாதத்தைப் பிரித்து என் கையில் வைத்து, "தின்னு, மூஞ்சி வெளுத்துப் போச்சு" என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலமே இரண்டு பிஸ்டலையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

திங்கட்கிழமை 11.08.2025 காலை பத்து மணிக்கு நாகப்பன் சார் எல்லார் முன்னாலும் சரசா அக்காவிடம் ஏழாம் எண் எங்கே போயிருந்தது என்று கேட்டார். போட்டிக்குத்தான், சீட்டு எழுதினேன் என்று அக்கா சொன்னார். சீட்டு மேசையில் இல்லை, யாருக்காக எடுத்தாய், சீட்டை யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டார். நான் ஐந்தடி தள்ளித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த மாப்பைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். அதன் பிறகு, "நான்தான் மேசைல வெச்சேன் சார். காத்துல பறந்துருக்கும்" என்று சொன்னார். யாருக்காக என்பதற்குக் கடைசி வரை பதில் சொல்லவில்லை. வெளியாட்களுக்குப் பிஸ்டல் கொடுத்து வாங்குகிறார் என்று சொல்லி நாகப்பன் சார் சாவியை வாங்கிக்கொண்டார். மறுநாள் காவல் நிலையத்தில் இந்த மனுவைக் கொடுத்தார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை சரசா அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். அதற்கு அவர், "சொன்னா ஒரு வருசம் உனுக்குப் பிஸ்டல் கெடையாது. அக்டோபர் முடியற வரைக்கும் கம்முனு கெட. எனுக்கு இன்னா, எங்கனா வேல கெடைக்கும்" என்றார். நான் ஞாயிற்றுக்கிழமையே பெட்டிப் பஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்து வைத்திருந்த சீட்டைக் காட்டினேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "கூமுட்ட, நாலு அடி நடக்க முடியலையா உனுக்கு" என்று சொல்லி, டீ போட்டுக் கொடுத்தார்.

வியாழக்கிழமை நான் காவல் நிலையத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நீண்ட நேரம் நின்றேன். ஒரு பெண் காவலர் வந்து எந்த பஸ் வேண்டும் என்று கேட்டார். நான் சீட்டை நீட்டினேன். அவர் என்னை உள்ளே அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். பதினெட்டு வயது ஆகாததால் வீட்டுக்கு வந்து விசாரிக்கிறோம் என்றார்கள். நேற்று சுதந்திர தினக் கொடியேற்றம் இருந்ததால் இன்று வந்திருக்கிறார்கள்.

சீட்டையும், பரிசோதனைத் தாளின் நகலையும் இத்துடன் கொடுத்திருக்கிறேன். ஏழாம் எண்ணில் ஒட்டிய ஸ்டிக்கரை நாங்கள் கிழிக்கவில்லை, மன்றத்தில் பார்த்தால் தெரியும். அந்தப் பிஸ்டலைச் சரசா அக்கா யாருக்கும் கொடுக்கவில்லை, அது என் மேசையைத் தவிர வேறெங்கும் போகவில்லை. சீட்டு மேசைக்குப் போகாதது என் தவறு. எனக்கு ஒரு வருடம் பிஸ்டல் இல்லை என்று நாகப்பன் சார் சொன்னால் நான் ஒத்துக்கொள்கிறேன், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. சாவியைச் சரசா அக்காவிடம் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மறுபடியும் எனக்குப் போட்டிக்குப் போகக் கிடைத்தால் இரண்டு பிஸ்டல் கொண்டு போவேன், சீட்டை நானே உள்ளே போய் வைப்பேன்.

இதில் உள்ளது எல்லாம் நான் செய்ததும் நேரில் கண்டதும். அலமாரி திறந்ததும், போனில் கூப்பிட்டதும், மனுவில் உள்ளதும் மட்டும் பிறர் சொல்லக் கேட்டது. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. எழுதி முடித்தபின் உதவி ஆய்வாளர் அம்மா வாசித்துக் காட்டச் சொன்னார். என் தாயாரும், வாசல் படியில் வந்து நின்ற சரசா அக்காவும் கேட்க, முதலிலிருந்து கடைசி வரை நானே வாசித்தேன். சத்தமாகச் சொல் என்று யாரும் சொல்லவில்லை.

(ஒப்பம்) உ. மைதிலி

உடனிருந்தவர்: (ஒப்பம்) உ. பத்மா, தாயார்