சிவப்புக் கண்ணாடித் தாள்

2007, மாசி மாதம், மாலை. சிவகாசியிலிருந்து விருதுநகர் செல்லும் பேருந்து. என் பின்னிருக்கையில், பட்டாசு ஆலை வேலை முடிந்து திரும்பும் பெண்கள் இருவர்.

"ஆமைக்குஞ்சு பொரிக்குதுன்னு யாராச்சும் லீவு கேப்பாகளா மதினி? போர்மேன் சிரிக்க மாட்டாரா?" என்றாள் இளையவள்.

"சிரிச்சிட்டுப் போறாரு. எம்மகன் சாகுறதுக்கு முந்தி, மெட்ராஸ் கடக்கரையில காவல் காத்த முட்டைக. இந்த வாரம் பொரிச்சிருமாம். குஞ்சுகளக் கடல்ல விட நான் வரணும்னு அவங்கூட்டாளிக போன் பண்ணுனாக."

"முப்பதாம் நாள் காரியங்கூட முடியலையே. ஊரு பேசுமே."

"பேசட்டும். வெள்ளை வெளிச்சத்தப் பாத்தா குஞ்சுக கடல விட்டுட்டு ரோட்டுக்கு ஏறிருமாம். செவப்பு வெளிச்சம்னா ஒண்ணும் செய்யாதாம். டார்ச்சுல ஒட்ட, நம்ம மத்தாப்புப் பெட்டிக்குச் சுத்துற செவப்புக் கண்ணாடித் தாளு கேட்டான் எம்மகன். தீவாளிக்கு வந்தப்பவே கேட்டான். தாரேன் தாரேன்னு மறந்துட்டேன்."

மூத்தவள் தூக்குவாளியைத் திறக்கும் ஓசை கேட்டது.

"இந்தா பாரு, மடிச்சு வச்சிருக்கேன். ஒரு டார்ச்சுக்கு இது போதும்ல?"

"போதும் மதினி. போர்மேன்ட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க."

அன்று நான் செய்யாமல் விட்டவை:
திருத்தங்கலில் இறங்குவது.
அங்குள்ள அச்சகத்தில், என் மனைவியின் நினைவஞ்சலி அட்டைக்கு வாசகம் கொடுப்பது.
அந்தத் தாயை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது.