பக்கத்து சீட்டுக்காரர்

காபி நன்றாக இருக்கிறது, அப்பாதுரை சார். பொம்மனஹள்ளியில் டிகாஷன் இவ்வளவு திடமாக எங்கே கிடைக்கிறது? நாகேஷை வேலையை விட்டு நிறுத்திவிட்டீர்களாமே, அதனால்தான் வந்தேன். சிரவணபெளகொளாவில் உங்கள் டூர் பஸ் ஒருவரை விட்டுவிட்டுக் கிளம்பியதற்கு அந்த கைடு காரணமில்லை. என் வீட்டுக்காரரை விட்டுவிட்டு வந்தது நான்தான்.

பதற வேண்டாம், நிதானமாகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் ரங்கநாதன் ஆடிட் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். அடுத்தவர் சொல்வதில் ஒரு தப்பாவது கண்டுபிடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். நாகேஷ் மைக்கில் ஒரு ராஜாவின் பெயரைச் சொன்னால், "அவன் இல்லப்பா, அவன் அண்ணன்" என்பார். பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருந்த சின்னப்பா பாட ஆரம்பித்தார். "சுருதி சேரல" என்றார் இவர். வைட்ஃபீல்டில் ஐடி வேலை பார்க்கும் ஷோபா புளியோகரை டப்பாவை நீட்டினாள். பெருங்காயம் தூக்கல் என்று திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம் பஸ்ஸில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. முன்பின் தெரியாத நாலு பேரோடு வாயாரப் பேச வேண்டும் என்றுதான் நான் டூருக்கே ஆசைப்பட்டேன், சார்.

உங்கள் பஸ்ஸில் ஒரு வழக்கம் இருக்கிறதே. மனுஷத் தலையை எண்ணினால் ஆகாது என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதால் நாகேஷ் எண்ணுவதில்லை. "ஸ்வல்ப, கொஞ்சம் பக்கத்து சீட்டப் பாருங்க. ஆள் இருந்தா கை தூக்குங்க" என்பார். பக்கத்து ஆளுக்கு அவரவர் பொறுப்பு. அருமையான ஏற்பாடு.

மலையடிவாரத்தில் மூட்டு வலி என்று நான் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். வலி நிஜம்தான், சில நாட்களில். மேலே குரங்கு பிடுங்கிவிடும் என்று அவருடைய செல்போனையும் பர்சையும் வாங்கி வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் இறங்கி வந்தபோது அவர் மட்டும் மேலே யாரோ ஒரு வாத்தியாரோடு கல்வெட்டைப் பற்றி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாராம். மலையேறும் முன் அவர் கீழே கழற்றி வைத்திருந்த செருப்பை யாராவது கிளப்பிக்கொண்டு போய்விட்டால்? அதையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். நாகேஷ் கேட்டார். கை தூக்கினேன். எதிர் வரிசைச் சின்னப்பா காலி சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பாட ஆரம்பித்தார்.

அடடா, அதற்கப்புறம் அந்த பஸ்ஸை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஷோபா தான் கட்டிக்கொள்ளப் போகும் பையனைப் பற்றி, வீட்டுக்கே தெரியாததையெல்லாம், என் காதில் சொன்னாள். நாகேஷுக்குக் குரல் திரும்பி வந்தது. ராஜாக்கள் எல்லோரும் அவர் சொன்ன பெயரிலேயே இருந்தார்கள். நான்கூட ஒரு பாட்டுப் பாடினேன். சந்தோஷமாக இருந்தது, சார். மறைப்பானேன்?

பேலூரில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் என் பக்கத்து இலை காலியாக இருப்பதை நாகேஷ் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"மரகதம்மா, சார் எல்லி, எங்கம்மா? அவரு காணோம்னா என் வேலை போயிடும்மா."

"பஸ்லயே தூங்கறார். எழுப்பினா கோபம் வரும்" என்றேன்.

அப்போதுதான் ரசம் வந்துகொண்டிருந்தது. சாப்பிடுகிற நேரத்தில் நாலு பேரைக் கலவரப்படுத்துவது முறையா, சொல்லுங்கள்.

பாவம் அவர், கொதிக்கிற பாறையில் வெறுங்காலோடு இறங்கி, யார் யாரிடமோ கெஞ்சி, லாரி பிடித்து ஒருவழியாக வந்து சேர்ந்தார். பாதமெல்லாம் கொப்புளம். நான்தான் மருந்து போட்டுவிட்டேன். என்மேல் அவருக்கு ஒரு துளி சந்தேகமில்லை. கோபமெல்லாம் நாகேஷ்மேல்; அதனால்தான் உங்களிடம் அப்படிக் கத்தினார். ஆனால் பிள்ளைகுட்டிக்காரரின் வயிற்றில் அடிப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. எனக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது.

ஆகவே நாகேஷை இன்றைக்கே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஏதோ அந்த நேரத்து ஞாபகமறதி. என் வீட்டுக்காரரும் இப்போது சமாதானமாகிவிட்டார், உங்கள் காசி டூருக்குக்கூட வருகிறேன் என்கிறார். அங்கே கூட்டம் ரொம்ப அதிகமாமே. அதற்கும் நாகேஷையே அனுப்புங்கள், சார். போவதற்கு எங்களுக்கு இரண்டு டிக்கெட் போடுங்கள். வருவதற்கு ஒன்று போதும்.