மன்னித்தவன்

வலிக்குமா என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான், மாப்பிள்ளை. உட்காருங்கள். இந்த வேளையில் கடைக்கு யாரும் வருவதில்லை. பொத்தான் தைக்கும் பெண்ணும் சாப்பிடப் போய்விட்டாள்.

இரண்டு பிள்ளைகள் போதும் என்று நீங்களும் என் மகளும் முடிவு செய்துவிட்டீர்கள். அறுவைச் சிகிச்சையை யார் செய்துகொள்வது என்பதில்தான் பேச்சு நிற்கிறது. "எங்கப்பா அந்தக் காலத்துலயே பண்ணிக்கிட்டவரு. அவரப் போய்க் கேளுங்க, பயம் தெளியும்" என்று அவள் உங்களை அனுப்பியிருக்கிறாள். ஆகவே கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். வலிக்குமா என்பது எனக்குத் தெரியாது.

அவசரப்பட வேண்டாம். தையற்காரன் துணியை முழுக்க விரித்துப் பார்த்த பிறகே கத்தரியை எடுப்பான். நானும் விரித்தே சொல்கிறேன்.

உங்கள் மாமியாரை நீங்கள் பார்த்ததில்லை. நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவள். இரண்டாவது பிரசவத்தில் அவள் பிழைத்ததே பெரிது. இதயத்தில் கோளாறு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. மருத்துவர் எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்து, இன்னொரு கர்ப்பத்தை இந்த உடம்பு தாங்காது என்றார். கருக்குழாயை அடைக்கலாமென்றால் மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறக்க வேண்டும், அதையும் தாங்காது என்றார். ஆணுக்கோ அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து சிறிது நேரத்தில் முடித்துவிடலாம், அன்றே வீட்டுக்கு நடந்து போகலாம். "நானே பண்ணிக்கிறேன், டாக்டர்" என்றேன். அந்த அறையில் அதைச் சொல்வது மிக எளிதாக இருந்தது.

கடைக்கும் செய்தி எட்டியது. "ஊருக்கெல்லாம் கத்தரி போட்ட ஆளு, உனக்கே கத்தரியா? அளவு சரியா குடுத்துட்டு வாய்யா, அப்புறம் ஆல்டர் பண்ண முடியாது" என்றார் கட்டிங் மாஸ்டர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

குறித்த நாளில் போனேன். துணைக்கு வருகிறேன் என்ற மனைவியை, கைக்குழந்தையோடு எதற்கு என்று தடுத்துவிட்டேன். எனக்கு முன்னால் உள்ளே போனவர் வெளியே வந்து, "ஒண்ணுமில்லண்ணே, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றார். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். அந்தக் கதவுக்குள் நுழையாமல் அதைத் தாண்டி நடந்து, படுக்கை விரிப்புகள் உலரும் பின்கட்டு வழியாகத் தெருவுக்கு வந்துவிட்டேன். மாலைவரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். பிறகு காலை அகட்டி அகட்டி வைத்து வீட்டுக்குள் நுழைந்தேன்.

திட்டம் போட்டுச் செய்ததல்ல. மறுநாளே சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் அவள் எனக்குத் தலையணையை உயர்த்தி வைத்தாள். என்னை ஓரடி நடக்க விடவில்லை. எங்களோடு இருந்த என் அக்கா, "எந்த ஆம்பள பொண்டாட்டிக்காக இப்படிச் செய்வான்?" என்று தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடினாள். என் மகள் அப்போது சிறுமி, கதை கேட்டாள். தன் கூட்டம் தப்பிக்க வேண்டுமென்று முள்வேலியை முதுகால் முறித்து வழிவிட்ட யானையின் கதையைச் சொன்னேன். "யானைக்கு ரத்தம் வந்துச்சாப்பா?" என்றாள். "கொஞ்சமா வந்துச்சு, கண்ணு" என்றேன். அவள் என் போர்வையைத் தடவிக்கொடுத்தாள். அதன்பின் உண்மையைச் சொல்வது கடினமாகிவிட்டது.

சிகிச்சைக்குப் பிறகு சில மாதங்கள் எச்சரிக்கையாக இருந்து, விந்தைச் சோதித்துப் பார்த்த பின்னரே பயமில்லை என்று மருத்துவர் முன்பே கூறியிருந்தார். மாதங்கள் கடந்ததும், சோதனை முடிந்தது, எல்லாம் சரி என்று வீட்டில் சொன்னேன். அவள் நிம்மதியாக என் தோளில் சாய்ந்தாள். இனியும் எச்சரிக்கையாக இருந்தால் அவள் காரணம் கேட்பாள். ஆகவே அதை விட்டுவிட்டு, ஒன்றும் ஆகாது என்று நம்பினேன்.

அவளுக்கு நாள் தள்ளிப்போனது. முதலில் சிரித்தாள். "உங்க ஆபரேஷன் லட்சணத்தப் பாருங்க" என்றாள். மறுநாள் விசாரித்துக்கொண்டு வந்தாள். "எப்பவாவது யாருக்காவது வெட்டுன குழாய் மறுபடி ஒட்டிக்குமாம். நீங்க இன்னொரு தடவை டெஸ்ட் குடுத்தா தெரிஞ்சிடும். வாங்களேன், சேர்ந்தே போயிட்டு வந்துடலாம்."

போயிருந்தால் அவள் பேர் தப்பித்திருக்கும். குழாய் ஒட்டிக்கொண்டது என்று என் பொய்கூடத் தப்பித்திருக்கலாம். ஆனால் மருத்துவர் தழும்பைத் தேடுவாரோ என்று எனக்குப் பயம். "உன்ன நான் நம்புறேன். நம்புறவன் எதுக்கு டெஸ்ட் குடுக்கணும்?" என்றேன். நல்ல வாக்கியம். ஒரு தையல்கூடப் பிசகவில்லை.

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். "அவன் ஏன் வரமாட்டேங்கிறான்னு உனக்குப் புரியலையாடி? டெஸ்ட் குடுத்தா உன் மானம் கப்பலேறிடும்" என்றாள். என் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"விடுக்கா. நான் மன்னிச்சிட்டேன்" என்றேன்.

அதன்பின் அவள் சோதனை என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஒரு நாள் காலையில், கையில் பையோடு இந்தக் கடை வாசலில் வந்து நின்றாள். நம்மை அறியாத வேறொரு மருத்துவமனைக்குப் போவதாகச் சொன்னாள். கருவைக் கலைத்து, அப்படியே குழாயையும் அடைத்துக்கொள்ளப் போகிறாள். இதயத்தைப் பற்றி அங்கே வாய்திறக்கப் போவதில்லை; திறந்தால் செய்யமாட்டார்கள். "இனிமே நீங்க யாரையும் மன்னிக்க வேண்டி வராது" என்றாள்.

நான் ஒரு காலர் தைத்துக்கொண்டிருந்தேன். அதை முடித்து நிமிர்ந்தபோது அவள் தெருமுனையை நெருங்கியிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். அடுத்த சட்டையை எடுத்து இயந்திரத்தில் வைத்தேன். சாயங்காலம் மருத்துவமனையிலிருந்து ஆள் வந்து, உடலைப் பெற்றுக்கொள்ளச் சொன்னான்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லமாட்டேன். எது நடக்கக்கூடும் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். துக்கத்துக்கு வந்தவர்கள், "அப்படிப்பட்டவளுக்காகவா இப்படி அழுவுற?" என்று என் தோளைத் தட்டினார்கள். அழுதேன், மாப்பிள்ளை. அந்த அழுகை பொய்யில்லை.

அக்கா சாகும்வரை என் மகளிடம் அதையே சொல்லி வளர்த்தாள். உங்கள் வீட்டில் அவள் தாயின் படம் ஏன் இல்லை என்று நீங்கள் யோசித்திருக்கலாம்.

எனவே நீங்களே செய்துகொள்ளுங்கள். தாயின் இதயம் அவளுக்கும் வாய்த்திருக்கலாம், அவளை அனுப்பாதீர்கள். நாளைக்கே போவதானாலும் நான் துணைக்கு வருகிறேன். கதவு வரை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

இதை அவளிடம் சொல்லிவிடுங்கள் என்கிறது உங்கள் முகம். நானும் பல வருடங்கள் யோசித்துப் பார்த்துவிட்டேன். வேண்டாம். தாயை நினைத்துத் தலைகுனிந்தே அவள் பழகிவிட்டாள். நிமிர்ந்து பார்க்க அவளுக்கு மிஞ்சியிருப்பது தகப்பன் ஒருவன்தான். அவனையும் அவளிடமிருந்து பறிக்க, பெற்ற மனம் எனக்கு இடம் கொடுக்கவில்லை.