கொடிக்கு மேற்புறம் நின்ற ஜீப்

போடிநாயக்கனூர் போலீஸ் ஸ்டேஷன். 1955-ம் வருஷம் நவம்பர் மாதம் 17-ந் தேதி பகல். சப் இன்ஸ்பெக்டர் முன்பாக, சாட்சி சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளப்பட்டது.

என் பெயர் மொக்கம்மாள். வயது சுமார் முப்பது. கணவர் பெயர் சோலைமலை. சொந்த ஊர் பெரியகுளம் தாலுகா சிலமலை. இப்போது முந்தலுக்கு மேலே மெட்டு ரோட்டோரம் உள்ள கல் குவாரியில், காண்டிராக்டர் போட்டுக் கொடுத்த குடிசையில் இருந்து வருகிறேன். என் கணவர் அங்கே பாறையில் துளை போடுகிறவர். நான் ஜல்லி சுமக்கிறேன். வெடி வைக்கும்போது மட்டும் ரோட்டின் மேல் பக்கம் சிவப்புக் கொடி பிடித்து, போடிமெட்டிலிருந்து இறங்கி வரும் வண்டிகளை நிறுத்துவேன்.

ஆரம்பத்தில் நான் மேல் வளைவில் நின்றேன். அங்கிருந்து குவாரி தெரியாது. நடுவில் மலை மறைக்கும். இந்த மழைக்காலம் தொடங்கிய பிறகு, வளைவில் வண்டிகள் நின்றால் லாரி திரும்ப இடமில்லை என்று மேஸ்திரி உக்கிரபாண்டி என்னைக் கீழே சின்னப் பாலத்தருகே நிற்கச் சொன்னார். "இங்க நின்னா பாறை தெரியுதே அண்ணே" என்றேன். "தெரிஞ்சா நல்லாப் பாரு" என்றார். அதன் பிறகு ஒரு நாள் தேங்காய் அளவுள்ள கல் ஒன்று என்னைத் தாண்டிப் போய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை உடைத்தது. மேஸ்திரியைக் கூட்டி வந்து காட்டினேன். "ஒனக்கு ஒண்ணும் ஆகலைல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகும் நான் பாலத்தருகேதான் நிறுத்தப்பட்டேன்.

சென்ற திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வெடி வைப்பதாகச் சொன்னார்கள். நான் கொடியை எடுத்துக்கொண்டு பாலத்தருகே போனேன். துளையில் எவ்வளவு மருந்து போட்டார்கள், அதன் வாயை எப்படி அடைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை. திரி பற்றவைக்கப் போவதாக முதல் விசில் ஊதியது. அதன் பிறகு மேலிருந்து ஏலத்தோட்டத்து ஜீப் ஒன்று இறங்கி வந்தது. ஓட்டி வந்தவர் காசிராஜன். அந்த ரோட்டில் தினமும் போய் வருகிறவர் என்பதால் எனக்கு அவரைத் தெரியும். பின்னால் அன்னக்கொடி என்ற தோட்டத்துப் பெண் ஏலக்காய் மூட்டைகள் மேல் சாய்ந்து கிடந்தாள். வேறு யாரும் இல்லை.

நான் கொடியைக் குறுக்கே நீட்டினேன். "தங்கச்சி, உள்ள காச்சக்காரி கெடக்கா, அனலாக் கொதிக்குது. ஒரே ஓட்டமா ஓடிர்றேன், விடு" என்று காசிராஜன் கேட்டார். "திரி வச்சிட்டாகண்ணே, விட மாட்டேன்" என்றேன். அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். என்னை ஏசவில்லை. ஜீப்பை அணைத்துவிட்டு இறங்கி, தன் துண்டைத் தண்ணீரில் நனைத்து அந்தப் பெண்ணின் நெற்றியில் போட்டார். ஜீப் கொடிக்கு மேற்புறம் நின்றது.

அதன் பிறகு வெடித்தது. அன்றைய சத்தம் வழக்கத்தைவிடப் பெரிது. காசிராஜன் அன்னக்கொடியின் தலையை மூட்டைகளுக்கு நடுவே அமுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் பாலத்துச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன். கற்கள் ரோட்டில் விழுந்து உருண்டன. பிறகு சத்தம் ஓய்ந்து, தூசி மட்டும் வந்தது. "முடிஞ்சுச்சு, வெரசாப் போவோம்" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பின் முன்னால் போய், இஞ்சினைக் கிளப்ப இரும்புக் கைப்பிடியைச் செருகக் குனிந்தார். இனிப் போகலாம் என்பதற்கு ஊதும் இரண்டாவது விசில் இன்னும் ஊதவில்லை. "இருங்கண்ணே" என்றேன். அப்போது உயரே போயிருந்த ஒரு கல் கடைசியாக விழுந்தது. அது வருவதை நான் பார்க்கவில்லை. அவர் பிடரியில் பட்டது. கைப்பிடியை விடாமலே சாய்ந்தார்.

நான் போட்ட கூச்சலில் குவாரி ஆட்கள் ஓடி வந்தார்கள். லாரியில் அவரைக் கிடத்தினார்கள். அன்னக்கொடியையும் அதே லாரியில்தான் ஏற்றினார்கள். அவள் அவருடைய துண்டைக் கையில் வைத்துக்கொண்டே ஏறினாள். முந்தல் தாண்டும் முன்பே அவர் உயிர் போய்விட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அந்தப் பெண் போடி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

லாரி போன பிறகு மேஸ்திரி என் கையிலிருந்த கொடியை வாங்கி என் கணவரிடம் கொடுத்து, "மேல வளைவுல கொண்டு போயி நட்டு வையி" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு கொடியை வாங்கிக்கொண்டு மேலே போனார். ஜீப்பை யாரும் தொடவில்லை. போலீசார் வந்து பார்க்கும்போது கொடி மேலேயும் ஜீப் கீழேயும் இருந்தது அதனால்தான்.

அன்று சாயங்காலம் மேஸ்திரி எங்கள் குடிசைக்கு வந்தார். "ஜீப்பு கொடிய மீறி வந்துச்சுன்னு சொல்லிரு. செத்தவன் எந்திரிச்சு வந்து இல்லைன்னா சொல்லப் போறான்?" என்றார். அவர் போன பிறகு என் கணவர், "இந்தக் குடிசைய விட்டா எங்க போயி நிக்கிறது? சொல்லிரு புள்ள" என்றார்.

நேற்று காசிராஜனின் மனைவி ராஜாத்தி குவாரிக்கு வந்தாள். அவள் யாரையும் திட்டவில்லை. "எம் புருசன் கொடிய மீறுனாருன்னு ஊரெல்லாம் பேசுறாக. ஒங்கிட்டதான் கடைசியாப் பேசுனாராம். என்ன சொன்னாரு ஆத்தா?" என்று கேட்டாள். நான் உள்ளபடி சொன்னேன். "மீறலையா?" என்று மறுபடி கேட்டாள். "மீறலை" என்றேன். அவள் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இன்று காலை நானாகவே புறப்பட்டு இங்கே வந்தேன். யாரும் என்னை அழைத்து வரவில்லை. நான் கிளம்பும்போது என் கணவர் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

மேலே எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதில் "ஜீப் கொடிக்கு மேற்புறம் நின்றது" என்று இருப்பதோடு, "நான் நிறுத்தியதால் நின்றது" என்றும் சேர்த்து எழுதச் சொன்னேன். தானாக நின்ற வண்டி இல்லை அது. அவர் போகிறேன் என்றார், நான் நிறுத்தினேன். அவ்வாறே இங்கே சேர்க்கப்பட்டது. மற்றதெல்லாம் நான் கண்டதும் கேட்டதும்தான், பொய் இல்லை.

(மொக்கம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை)