எதிர் ஜன்னல் விமானப்படை

இல்ல தம்பி, அந்தப் பொம்மை விமானம் வேண்டாம், உள்ள வச்சிடுங்க. மூக்குல சுறா மாதிரி பல்லு வரைஞ்சிருக்கு பாருங்க. எங்க கொழுந்தனார் ஜன்னல்ல இளிச்ச வாய் விமானமெல்லாம் தொங்காது. அதுவும் போக, அது எங்க கட்சி. எங்க வீட்டுக்காரர் கட்சியைச் சொல்றேன். எனக்கு இன்னைக்கு வேண்டியது எதிர்க்கட்சி விமானம்.

கடைக்காரப் பெரியவர் எப்ப வருவாரு? ஊர்லயே இல்லையா. ஓ, நீங்க மருமகனா. சரிதான். அவர் இருந்தா, நான் கதவைத் தள்ளும்போதே இன்னைக்கு எந்தப் பக்கத்துக்கும்மான்னு கேட்பாரு. இப்பல்லாம் எதிர்ப்பக்கத்துக்குன்னா போதும், அந்தக் கீழ்த்தட்டுல கையை விட்டு ஒரு பெட்டியை எடுத்துக் குடுத்துடுவாரு. உங்களுக்கு முதல்ல இருந்து சொல்லணும். அவசரம் ஒண்ணும் இல்லையே? கடையிலயும் யாரும் இல்ல.

எங்க வீட்டுக்காரர் ஒரு பக்கம், அவர் தம்பி எதிர்ப்பக்கம். நடுவுல ஒரு சந்து. இந்தப் பக்கமும் மூணாவது மாடி, அந்தப் பக்கமும் மூணாவது மாடி. எங்க ஜன்னல்ல நின்னு தண்ணியை வீசினா அவர் ஜன்னல் நனையும். ஆனா பேச்சு கிடையாது. பதினோரு வருஷம் ஆச்சு.

சொத்துத் தகராறா? சொத்து இருந்தாத்தானே. சக்கரம். நம்புவீங்களா? ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கின ஒரு ஸ்பிட்ஃபயர், என் கையளவு கூட இருக்காது. லீவு நாளா லீவு நாளா உட்கார்ந்து ஒட்டினாங்க. கடைசியில சக்கரம் வைக்கிற கட்டம். உங்களுக்குத் தெரியாததா, சக்கரத்தைக் கீழ இறக்கியும் ஒட்டலாம், உள்ள மடக்கியும் ஒட்டலாம், ஒட்டினப்புறம் மாத்த முடியாது. இவர் இறக்கணும்னாரு. விமானம்னா பத்திரமா தரையில வந்து நிக்கணுமாம். அவர் தம்பியோ, நிக்கிறதுக்கு எதுக்கு விமானம், ஒரு ஸ்டூல் வாங்கிக்கலாமேன்னாரு. மூணு வாரம் இதே பேச்சு. நாலாவது வாரம் அவர் முடிவெட்டிக்கப் போன நேரமாப் பார்த்து இவர் சக்கரத்தை இறக்கி ஒட்டிட்டாரு. அவர் வந்தாரு, பார்த்தாரு, தோள்ல ஒட்டியிருந்த முடியைக் கூடத் தட்டாம திரும்பிப் போனாரு. போனவர்தான்.

அடுத்த மாசம் எதிர் ஜன்னல்ல நூல் கட்டி ஒரு மெஸர்ஷ்மிட் தொங்குது, உலகப் போர்ல ஸ்பிட்ஃபயரோட சண்டை போட்ட ஜெர்மன் விமானம். சக்கரம் உள்ள மடங்கி, மூக்கு நேரா எங்க சமையலறையைப் பார்த்து. இவர் விடுவாரா? மறுவாரமே எங்க ஜன்னல் விளிம்புல ஒரு ஹரிகேன் வந்து நின்னுச்சு. அங்க ஃபோக்கவுல்ஃப், இங்க மஸ்டாங். அங்க ஜீரோ, இங்க இறக்கை வளைஞ்ச கோர்ஸேர். இங்கத்தது எல்லாம் நிக்கும், அங்கத்தது எல்லாம் தொங்கும். எங்க வீட்டு ஜன்னலை முழுசாத் திறந்து வருஷக்கணக்காச்சு. ஒரு துண்டு காயப்போடணும்னாலும் விமான நிலையத்துல அனுமதி வாங்கணும்.

யாரு ஜெயிக்கிறதா? பதினோரு வருஷமா ரெண்டு பக்கமும் ஒரு கண்ணாடி கூட உடையல. இப்படி ஒரு போர் எங்கயும் நடந்திருக்காது.

ரெண்டு தரப்புக்கும் வாங்கிக் குடுக்கிறது நான் ஒருத்திதான். எங்க வீட்டுக்காரர் வாழ்நாள் பூரா லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர், வந்து மாட்டினது லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி. முன்னயே முட்டி வலி. இப்ப நெஞ்சுல ஆபரேஷன் வேற. கொழுந்தனார் அச்சகத்துல பிழை திருத்துறவர், காலையில போனா உங்க கடை மூடினப்புறம்தான் திரும்புவாரு. கல்யாணமும் பண்ணிக்கல. என்னைக் கீழ பார்த்தா, அண்ணி, கடைப்பக்கம் போனா எனக்கும் ஒண்ணுன்னு சொல்லுவாரு. இவருக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு, ரெண்டையும் ஒரே பையில போட்டு வெங்காயத்தோட தூக்கிட்டு வருவேன். நான் மட்டும் ஒரு மாசம் காய்ச்சல்ல படுத்திருந்தா சமாதானம் வந்திருக்கும். எனக்குத் தோணவே இல்ல.

சரி, விஷயத்துக்கு வரேன். எனக்கு வேண்டியது என்னன்னா, பார்க்க பயமா இருக்கணும், ஒட்ட சுலபமா இருக்கணும். அவ்வளவுதான்.

இது என்ன? விசிறியே இல்ல. ஜெட்டா? வேண்டாம். விசிறி இல்லாததைப் பார்த்தா அது போங்குன்னு இவர் ஒரு வாரம் கத்துவாரு, நெஞ்சுக்கு ஆகாது. அந்தப் பக்கத்துப் பெட்டி? இறக்கை ரெண்டு அடுக்கு இருக்கே. நடுவுல நூல் கட்டணுமா? ஊசியில நூல் கோக்கவே எனக்கு அரை நாள் ஆகுது. அதாவது, கொழுந்தனாருக்குச் சொல்றேன். அவருக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல.

இது பரவாயில்ல. அடக்கமா இருக்கு. சக்கரம் எப்படி, உள்ள மடங்கும்ல? மடங்காதா? எப்பவும் கீழயேதானா? ஐயோ தம்பி, இதைக் கொண்டுபோய் அந்த ஜன்னல்ல தொங்கவிட்டா சரணடைஞ்ச மாதிரி ஆயிடும். பதினோரு வருஷத்துப் போரை நான் ஒரு பெட்டியில முடிச்சு வச்சுட்டுப் போறதா?

சிரிக்காதீங்க. இந்தத் தடவை தப்பு பண்ணவே கூடாது. போன தடவை வாங்கிட்டுப் போன மெஸர்ஷ்மிட்தான் எல்லாத்துக்கும் காரணம். விமானி மேல மூடுற கண்ணாடி மூடி இருக்குல்ல, அதை உடனே ஒட்டுற பசையைப் போட்டு ஒட்டினதுல உள்ளுக்குள்ள புகை பிடிச்ச மாதிரி வெள்ளையாப் போச்சு. தண்ணியில ஊறவச்சு ஒட்டுற நம்பர் ஸ்டிக்கர் இருக்கே, அது ஒரு பக்கம் தலைகீழா உட்கார்ந்துடுச்சு. இந்தப் பக்கம் பார்த்தா ஆறு, அந்தப் பக்கம் பார்த்தா ஒன்பது. சக்கரத்துக் கதவு மூடாம உதடு பிதுங்கின மாதிரி நிக்குது. எல்லாம் முடிஞ்சப்புறம் தட்டுல ஏழு பீஸ் மிச்சம்.

எங்க வீட்டுக்காரர் பைனாகுலர் வச்சிருக்காரு. ஆமா, சந்துக்குத்தான். பார்த்துட்டு உரக்கப் பேசினாரு. கண்ணாடிக்கு இந்தப் பசையைப் போடுவாங்களா, வெள்ளைப் பசையைக் குச்சியில தொட்டு வச்சா காய்ஞ்சதும் தெரியவே தெரியாதே, இது கூடத் தெரியாதான்னாரு. வீட்டுல நானும் அவரும்தான். அடுத்த அறையில இருந்த என்கிட்ட, மாடிக்கே கேக்குற மாதிரி சொன்னாரு. ஸ்டிக்கரை ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை திருப்பிப் பார்க்கக் கூடாதான்னாரு. நான், வயசாகுதுல்ல, கை நடுங்குமா இருக்கும்னு சொல்லிவச்சேன். அதுக்கு அவர் என்ன சொன்னாரு தெரியுமா? இப்படியே போனா நானே நேர்ல போய்ச் சொல்லிக் குடுக்கணும் போலிருக்கேன்னாரு.

பதினோரு வருஷத்துல அந்த வார்த்தை அவர் வாயில வந்ததே இல்ல தம்பி. அவர் அங்க போகக் கூடாது. அந்தக் கதவைத் தட்டவே கூடாது. அதனாலதான் கேக்குறேன், இந்தத் தடவை தொங்குற விமானத்தைப் பார்த்தா, ஓ, பழைய ஆளு திரும்பிட்டான்னு அவர் நாற்காலியில சாஞ்சு உட்காரணும்.

படி ஏறக் கூடாது, அதுவும்தான். டாக்டர் சொன்னதுதான்.

என்ன? கொழுந்தனாரையே ஒரு லீவு நாள்ல வந்து பார்த்து எடுத்துக்கச் சொல்லவா?

அவர் எங்க வருவாரு. அவர் போய் நாலு மாசமாச்சு.

இல்ல, நீங்க ஏன் வருத்தப்படுறீங்க, உங்களுக்கு அவரைத் தெரியவே தெரியாதே. அச்சகத்துல மேசை மேலயே தலையைச் சாய்ச்சிருக்காரு. தூங்குறாருன்னு நினைச்சு பக்கத்துல இருந்தவங்க மெதுவாப் பேசிக்கிட்டாங்களாம். அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில நெஞ்சு முழுக்கத் தையலோட படுத்திருக்காரு. ரெண்டு வாரத்துக்கு எந்த அதிர்ச்சியும் கூடாதுன்னுட்டாரு டாக்டர். நானும் அச்சகத்து ஆளுங்களும் சேர்ந்து எல்லாத்தையும் முடிச்சோம். ரெண்டு வாரம் கழிச்சு சொல்லிக்கலாம்னு இருந்தேன். வீட்டுக்கு வந்தாரு, நேரா ஜன்னலுக்குத்தான் போனாரு. நான் படுத்திருந்த இத்தனை நாள்ல புதுசா ஒண்ணு கூட இல்லையே, பயந்துட்டான்னு சொல்லி, தையலைக் கையால அழுத்திக்கிட்டு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பைப் பார்த்தப்புறம் எப்படிச் சொல்றது, நீங்களே சொல்லுங்க.

சாவி என்கிட்டதான் இருந்துச்சு. மறுவாரம் போய்ப் பார்த்தேன். மேசை மேல ஒரு விமானம் பாதியில கிடக்கு. இறக்கையெல்லாம் ஒட்டியாச்சு, சக்கரத்துக் கதவும் நம்பரும்தான் பாக்கி. பக்கத்துல இடுக்கி, அவர் மூக்குக் கண்ணாடி. அதையே போட்டுக்கிட்டு உட்கார்ந்து ஒட்டினேன். தொங்கவிட்டேன். இவர் அன்னைக்கு ரெண்டு தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. அப்புறம் நிறுத்த முடியல. அதுக்கப்புறம் மூணு விமானம் நானே ஒட்டியிருக்கேன். மத்தியானம் இவர் படுக்கிற ரெண்டு மணி நேரம், கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு அங்க போய் உட்கார்ந்துக்குவேன். வரும்போது விளக்கைப் போட்டுட்டு வருவேன். வாரத்துக்கு ரெண்டு சட்டையைத் துவைச்சு அந்தக் கொடியில காயப்போடுறேன். யாரும் போடாத சட்டை, அதுல அழுக்கே போக மாட்டேங்குது, இருந்தாத்தானே போறதுக்கு. ஒரே நீலச் சட்டையையே மாத்தி மாத்திப் போடுறான் பாரு கஞ்சன்னு இவர் திட்டினாரு. அப்புறம் பீரோவைத் திறந்து கட்டம் போட்டதையும் எடுத்துத் துவைச்சேன்.

தெரியுது தம்பி, தப்புதான். ஒவ்வொரு நாளும் சொல்லிடணும்னுதான் எழுந்திருக்கிறேன்.

என்ன பார்க்குறீங்க, ஸ்டாக் நோட்டா? பெரியவர் எழுத்து புரியுதா உங்களுக்கு? எங்களைப் பத்தியா. மூணாவது மாடி அம்மான்னா நான்தான். படிங்க.

இன்னொரு தடவை படிங்க.

யாரு போன் பண்ணினதா எழுதியிருக்கு? வீட்டுக்காரர்னா எந்த வீட்டுக்காரர், உங்க கட்டட வீட்டுக்காரரா? இல்லையா. அம்மா இனிமே எதிர்ப்பக்கத்துக்குன்னு வந்து கேட்டா நாப்பது பீஸுக்கு மேல குடுக்க வேண்டாம், அவளுக்குக் கண்ணு சரியில்ல, நான் சொன்னதாக் காட்டிக்க வேண்டாம். அப்படியா எழுதியிருக்கு? அவளுக்குன்னே இருக்கா? அவருக்குன்னு இருக்கும், நல்லாப் பாருங்க.

தேதி என்ன?

அது நான் முதல் விமானத்தைத் தொங்கவிட்ட வாரம். கொழுந்தனார் போனப்புறம் எதிர்ப்பக்கத்துக்குன்னு நான் இந்தக் கடைக்கு அப்ப வரவே ஆரம்பிக்கல.

இல்ல, ஸ்டூல் வேண்டாம். நிக்கிறேன்.

தம்பி போயிட்டான்னு தெரிஞ்சு, இந்த மனுஷன் எங்க உட்கார்ந்து அழுதாரு? எனக்கு எதிர்ல ஒரு சொட்டு விடலையே. மத்தியானம் ரெண்டு மணி நேரம் நான் எதிர் வீட்டுல இருப்பேன். அப்பத்தான் இருக்கும். நான் அந்த ஜன்னல் பக்கம் தலையைக் கூடக் காட்டாம, தரையில குனிஞ்சு உட்கார்ந்து ஒட்டிக்கிட்டு இருந்தேன். அவர் தூங்குறாருன்னு.

ஒண்ணும் இல்ல. இந்தப் பெட்டிங்க மேல இருக்கிற தூசி, கண்ணுல பட்டுடுச்சு.

அதான் பெரியவர் ஒவ்வொரு தடவையும் கீழ்த்தட்டுலயே கையை விட்டாரா. நான் என்னடான்னா, மூணையும் முழுசா ஒட்டி முடிச்சுட்டோம், நமக்கும் கை வந்துடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன். நாப்பது பீஸ். சின்னப் பிள்ளைங்க ஒட்டுறதா அது? எட்டு வயசுக்கு மேலன்னா போட்டிருக்கு? பெட்டியிலயே போட்டிருக்கா?

அதை உள்ள வச்சிடுங்க. இல்ல, அதையும்தான். அந்த மேல் தட்டுல ஒண்ணு இருக்கே, பெரிசா. அது எந்தக் கட்சி? நம்ம கட்சிதானே, எதிர்க்கட்சியைச் சொல்றேன். ரெண்டு எஞ்சின் மெஸர்ஷ்மிட்டா. எத்தனை பீஸ்? நூத்தி இருபதுக்கு மேலயா. சக்கரம் உள்ள மடங்கும்ல? அப்ப இறக்குங்க. ஏணி வேணும்னா நான் பிடிச்சுக்கிறேன்.

கண்ணாடிக்கு ஒட்டுற வெள்ளைப் பசை ஒரு டப்பா வைங்க. அந்தப் பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடியும், ஸ்டாண்டோட இருக்கே, அதையும் சேர்த்துப் போடுங்க.

அப்புறம் தம்பி, அவர் போன் பண்ணுவாரு, பண்ணாம இருக்க மாட்டாரு. நான் வந்தேன்னு சொல்லிக்குங்க, அது பரவாயில்ல. என்ன வாங்கினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.